பல கலம் என்றால் எத்தனை கப்பல்? வரலாற்று வீடியோ பார்க்க ஒரு முதல் பாடம்

என் சித்தப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். இப்போது சாயங்காலம் காபி குடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து போனில் வரலாற்று வீடியோ பார்ப்பதுதான் அவருக்கு வேலை. சோழர், கீழடி, எகிப்து பிரமிடு என்று எதையும் விடுவதில்லை. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஏம்ப்பா, ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு எத்தனை கப்பல்ல போனான்? ஒருத்தன் ஐந்நூறுங்கிறான், ஒருத்தன் ஆயிரங்கிறான்."

"கல்வெட்டுல 'பல'ன்னுதான் இருக்கு சித்தப்பா."

"பலன்னா எவ்வளவு?"

"பலன்னா பல."

கணக்கு நேராகாத குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப இந்த ஆயிரத்துக்கு வவுச்சர் எங்க?"

வரலாற்று வீடியோவை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு வரலாற்று வீடியோவில் மூன்று சரக்கு கலந்திருக்கும். முதலாவது சான்று: கல்வெட்டு, செப்பேடு, காசு, பானை ஓடு, பழைய கடிதம் என்று அந்தக் காலத்திலிருந்தே மிஞ்சி வந்த பொருள். இரண்டாவது விளக்கம்: அந்தப் பொருளை வைத்து ஆய்வாளர் சொல்லும் முடிவு. மூன்றாவதற்கு நான் வைத்திருக்கும் பெயர் நிரப்பல். சான்றுக்கும் விளக்கத்துக்கும் நடுவே படம் நிற்காமல் ஓட வேண்டுமே, அதற்காகச் சேர்ப்பது. நடிகர்கள், பின்னணி இசை, கணினியில் வரைந்த கோட்டை, கொடி பறக்கும் கப்பல் எல்லாம் இந்த வகை. புத்தகத்தில் இவை தனித்தனியாகத் தெரியும். அடிக்குறிப்பு கீழே இருக்கும், ஓவியம் இருந்தால் அது ஓவியம் என்று தெரியும். வீடியோவில் மூன்றும் ஒரே திரையில், ஒரே குரலில், ஒரே வேகத்தில் வருகின்றன. பிரித்துப் பார்ப்பது நம் வேலையாகிவிடுகிறது.

கடாரத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜேந்திரனின் கடற்படையெடுப்பு 1025 வாக்கில் நடந்தது. அதைப் பற்றி நம் கையில் இருக்கும் முக்கியமான சான்று அவனுடைய மெய்க்கீர்த்தி. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து பாடும் பகுதிக்குத்தான் மெய்க்கீர்த்தி என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே அது வெட்டப்பட்டிருக்கிறது. அதில் கடாரப் பகுதி "அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி, கடாரத்து அரசன் சங்கிராம விசையோத்துங்க வர்மனைப் பிடித்ததையும், அவனுடைய யானைகளையும் செல்வத்தையும் கைப்பற்றியதையும் சொல்கிறது. அப்புறம் சீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று பத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களை அடுக்குகிறது. நக்கவாரம் இன்றைய நிக்கோபார். கடாரம் மலேசியாவின் கெடா. சில ஊர்கள் சுமத்ராவில் இருக்கின்றன.

இதில் "பலகலம்" சான்று. "மலாக்கா நீரிணை வழியாகப் போன சீன வணிகத்தில் பங்கு பிடிக்கத்தான் இந்தப் போர்" என்பது விளக்கம். அது நல்ல விளக்கம்தான், அதற்கு ஆதாரமும் உண்டு. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுக்குழுக்கள் சீனாவின் சோங் அரசவைக்குப் போனதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. இருந்தாலும் அது ஆய்வாளர் சேர்த்துக் கட்டியது, கல்லில் எழுதியிருப்பது அல்ல. இன்னொரு ஆய்வாளர் வேறு காரணம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். திரையில் அலையைக் கிழித்துக்கொண்டு வரும் அந்தப் பெரிய கப்பல் இருக்கிறதே, அது நிரப்பல். சோழர் காலப் போர்க்கப்பல் ஒன்று முழுசாகக் கடலடியிலிருந்து கிடைத்ததில்லை. வரைபவர் எதையாவது பார்த்துத்தானே வரைய வேண்டும்? பாதிப் படங்களில் அது போர்த்துக்கீசியக் கப்பலுக்குப் புலிக்கொடி கட்டியதுபோல் இருக்கும். ஐந்நூறு வருஷம் முன்கூட்டியே வந்துவிட்ட கப்பல்!

நிரப்பலே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நாற்பது நிமிஷம் ஒரு கற்சுவரை மட்டும் காட்டினால் சித்தப்பா தூங்கிவிடுவார், நானும்தான். அது நிரப்பல் என்று தெரிந்து பார்த்தால் போதும்.

சித்தப்பாவைக் கவர்ந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அதே பெரிய கோயிலின் வெளிச்சுவரில் இன்னொரு கல்வெட்டு உண்டு. ராஜராஜன் கோயிலுக்கு என்னென்ன கொடுத்தான் என்ற பட்டியல் அது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று அரசன் வாயாலேயே ஆணை போட்டுத் தொடங்குகிறது. அக்கன் என்பது குந்தவை. விமான உச்சியில் வைக்கும் செப்புக் குடம் ஒன்றை ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாளில் கொடுத்ததாக அதில் இருக்கிறது, அதாவது 1010இல். செம்பின் எடை 3083 பலம். மேலே போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. பலமும் கழஞ்சும் அந்தக் கால எடை அளவுகள்.

அந்த அரைக் கழஞ்சைக் கவனியுங்கள். குடத்துப் பொன்னை அரைக் கழஞ்சுவரை நிறுத்து எழுதிய அதே சோழ அரசு, கடல் தாண்டிப் போன கப்பல்களை மட்டும் "பல" என்று விட்டுவிடுகிறது. ஏன்? இதைக் கேட்டதும் சித்தப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது ஸ்டாக் ரெஜிஸ்டர்டா. இது ஆண்டுவிழா மலர்ல தலைவர் உரை."

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு முழு வகுப்பு ஆகும். எல்லாச் சான்றும் ஒரே வகை அல்ல. எதற்காக எழுதப்பட்டது, யார் படிப்பதற்காக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து அது எதைத் துல்லியமாகச் சொல்லும், எதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் என்பது மாறும். தானக் கல்வெட்டில் எண்கள் கறாராக இருக்கும், ஏனென்றால் பின்னால் யாராவது பொன்னைக் குறைத்தால் கேட்க வேண்டும். மெய்க்கீர்த்தியில் அந்தக் கவலை இல்லை. நல்ல வீடியோ இந்த வித்தியாசத்தை ஒரு வரியிலாவது சொல்லும். மற்றது "கல்வெட்டு ஆதாரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது நமக்கு வரலாறு என்பது ஆண்டும் பெயரும்தான். ஐம்பது வயதில் அதையே பார்க்கும்போது நம் தொழில், நம் குடும்பம், நாம் பட்ட கடன் எல்லாம் கூடவே உட்கார்ந்து பார்க்கின்றன. பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய, அதாவது அணையாமல் எரிய, 96 ஆடுகள் கொடுத்தார்கள். ஆட்டை இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் விளக்கு ஒன்றுக்குத் தினமும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்கின்றன. சாகாத, கிழடாகாத ஆடு. ஒரு வீடியோவில் இதை ஏதோ அதிசய ஆடு என்கிற பாணியில் இசை போட்டுச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "ஃபிக்ஸட் டெபாசிட்டு" என்றார். ஆடு சாகும், குட்டி போடும். இடையர் கணக்கில் மட்டும் எப்போதும் 96 நிற்க வேண்டும். அசல் குறையக் கூடாது, வட்டி நெய்யாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அதே கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம், வட்டி வாங்கியதும் கல்வெட்டில் இருக்கிறது. வட்டி விகிதத்தைக் கேட்டதும் அவருக்குக் கோயிலே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது.

சரி, வீடியோவின் குறையையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? புத்தகத்தால் முடியாத சில காரியங்கள் அதற்கு முடியும். சுவாமிமலையில் உலோகச் சிலை வார்ப்பதைப் பற்றி நான் பத்துப் பக்கம் படித்திருந்தேன். "ஒடியோலை" என்ற சொல்லும் அதில் இருந்தது. என்னவென்று பிடிபடவே இல்லை. பிறகு ஒரு வீடியோவில் ஸ்தபதி ஒருவர் தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலையைக் கிழித்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, சும்மா மடித்துக்கொண்டே போனார். அந்த மடிப்புகள்தான் அளவு. முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று ஓலையை வைத்து வைத்து மெழுகில் குறித்துக்கொண்டார். அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. சிலை சின்னதானாலும் பெரியதானாலும் அதற்கென்று ஓர் ஓலை. பத்துப் பக்கத்தில் புரியாதது அரை நிமிஷத்தில் புரிந்தது.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து உருவம் செய்வது, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவது, சூடேற்றி மெழுகை வழியவிட்டு அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் அந்த அச்சு ஒரு சிலைக்கு மட்டும்தான். நான் பார்த்த வீடியோவில் அச்சை உடைக்கும்போது பின்னணி இசையை நிறுத்தியிருந்தார்கள். சுத்தியல் சத்தமும் மண் உதிரும் சத்தமும் மட்டும் கேட்டன. எடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

ஆக, கைவேலை, ஆட்டம், பாட்டு, சமையல், பேச்சுவழக்கு என்று கையிலும் உடம்பிலும் இருக்கும் பண்பாட்டுக்கு வீடியோவை விடச் சிறந்த வாத்தியார் கிடையாது. அரசியல், போர், காரணகாரியம் என்று வரும்போதுதான் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடியோ எதைச் சொல்கிறது என்பதோடு எதை விடுகிறது என்பதையும் கவனிக்கலாம். கடாரப் போரைச் சொல்லும் வீடியோக்களில் பெரும்பாலும் வராத ஒரு சான்று ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர். பெரிய செப்பேட்டில் 21 இதழ்கள், வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியுமாக. விஷயம் இதுதான்: கடாரத்து அரசன் தன் தந்தை சூடாமணி வர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்புகிறான். அதற்கு ராஜராஜன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிவைக்கிறான். அவனுக்குப் பின் அதைச் சாசனமாக நிலைப்படுத்தியது யார் தெரியுமா? ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் பிற்பாடு கடாரத்தின்மேல் கப்பல் அனுப்புகிறான். அதோடும் முடியவில்லை. 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அதே விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்து மூன்று இதழில் சிறிய செப்பேடு ஒன்று வெட்டப்படுகிறது.

தானம், அப்புறம் போர், அப்புறம் மறுபடி தானம். சிவன் கோயில் கட்டிய அரசன் பௌத்த விகாரத்துக்கு ஊர் கொடுக்கிறான். வெறும் "கடாரம் கொண்டான்" கதையை விட இது எவ்வளவு சுவாரசியம்! ஆனால் பத்து நிமிஷ வீடியோவில் நண்பனும் எதிரியும் ஒரே ஆளாக இருந்தால் கதை சொல்வது கஷ்டம். அதனால் ஒரு பாதியை வெட்டிவிடுகிறார்கள். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு வெவ்வேறு ஆட்கள் போட்ட வீடியோவைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒருவர் வெட்டியது இன்னொருவரிடம் கிடைக்கும்.

பழைய படச்சுருள்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வீடியோவே சான்றாகிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டால் நிறைய ஏமாற்றம் மிச்சம். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839. லூமியே சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கி மக்களுக்குச் சலனப்படம் காட்டியது 1895. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799. ஆகவே "கட்டபொம்மனின் உண்மையான போட்டோ" என்று எது வந்தாலும் தயங்காமல் தள்ளிவிடலாம். 1857 கிளர்ச்சியின் "அரிய வீடியோ"வும் அப்படியே. உண்மையான பழைய படத்திலும் சத்தம் பெரும்பாலும் பின்னால் சேர்த்தது, நிறம் நம் காலத்தில் பூசியது. 2018இல் வந்த முதல் உலகப்போர் ஆவணப்படம் ஒன்றில் ஊமைப்படச் சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடிக்க உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டவர்களும் உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவில் ஒரு நிமிஷத்தில் ராஜராஜன் கண் சிமிட்டுகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்களே, அது எல்லோரும் கேட்பது, அதனால் ஒரு வரி. விமான நிழல் தரையில் விழும். பிற்பகலில் செருப்பில்லாமல் அந்தக் கல்தரையில் நடந்து பார்த்தவர்கள் அந்த நிழலைத் தேடித்தான் ஓடுவார்கள். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பதும் அதே மாதிரிதான். அது பல துண்டுகள் சேர்த்துக் கட்டியது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒற்றைக்கல்லாக இல்லாவிட்டால் கோயிலின் பெருமை குறைந்துவிடும் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் வேகத்தைக் கூட்டாமல் ஒரு தடவை. கல்வெட்டோ செப்பேடோ திரையில் வந்தால் நிறுத்திவிடுவேன். அது எந்த ஊரில் இருக்கிறது, எந்த ஆண்டு என்று வீடியோவில் சொன்னார்களா என்று பார்ப்பேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வீடியோவின்மேல் மரியாதை ஒரு படி இறங்கும். "வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்" என்று பெயரில்லாமல் வந்தால் இன்னொரு படி. பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவில் நிற்பதை நாலு வரி எழுதிப் பார்ப்பேன். இது முக்கியம். சரளமாகப் பேசும் ஒருவரைக் கேட்டால் நமக்கே எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். எழுத உட்கார்ந்தால்தான் அரசன் பெயர்கூட நினைவில் இல்லை என்பது தெரியும். திரும்பத் திரும்பப் பார்ப்பதை விட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது மனதில் நன்றாகத் தங்கும் என்று உளவியல் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

எங்கே தொடங்குவது? மேடையில் ஒருவர் ஒரு மணிநேரம் பேசும் உரைகளிலிருந்து தொடங்கலாம் என்பேன். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை போன்றவை நடத்தும் உரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. படப்பிடிப்பு சுமாராக இருக்கும், ஒலிவாங்கி சில சமயம் கொரகொரக்கும். ஆனால் பேசுபவர் யார் என்று தெரியும், பெரும்பாலும் கடைசியில் கேள்வி நேரம் இருக்கும். நான் முதலில் அந்தக் கேள்வி நேரத்துக்குத்தான் தாவுவேன். "இது எப்படித் தெரியும்?" என்று கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் எழுந்து கேட்டுவிடுவார்.

சித்தப்பா இப்போது பழைய பேரேடு ஒன்றில் வீடியோக் கணக்கு எழுதுகிறார். இடப்பக்கம் "சொன்னது", வலப்பக்கம் "வவுச்சர்". போன வாரம் அவர் வெளியே போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். "கடாரம், கப்பல் 1000" என்று எழுதி, வலப்பக்கத்தில் சிவப்பு மையில் "வவுச்சர் இல்லை". அதற்கு அடுத்த வரியில் "கப்பல் பல. கல்வெட்டு, தஞ்சை." பக்கத்தில் ஒரு டிக். அதற்கும் கீழே பென்சிலில், "நேரில் போய்ப் பார்க்கணும். பஸ் 6.10."